மெர்வின் துப்பாக்கி பார்த்த கதை

என் தங்கை வெல்டாவின் இரண்டாவது புருஷன் மெர்வின், கொயோட்டி நரி சுடுவதற்கு ஒரு துப்பாக்கி வாங்க ஜனவரியில் கிளம்பினார். வாங்கி முடித்தபோது மார்ச் கடைசி. அதற்குள் வெல்டாவின் செம்மறிகள் குட்டி போட ஆரம்பித்துவிட்டன, கொயோட்டிகளுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் அப்பாவின் நிலத்தை நடுவே ஒரு கம்பிவேலி போட்டு ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். இந்தப் பக்கம் என் ஆடுகள், அந்தப் பக்கம் அவளுடையவை. வயோமிங்கில் ஏப்ரலை வசந்தம் என்று காலண்டரில் அச்சடித்திருப்பார்கள். அச்சடித்தவன் இங்கே வந்து பனி வாரினது கிடையாது. குட்டி போட்ட வாசனை காற்றில் எங்கெங்கோ போகும். காலையில் போய்ப் பார்த்தால் தாய் ஆடு மட்டும் நின்று கத்திக்கொண்டிருக்கும், குட்டி இருக்காது.

இதற்கெல்லாம் அரசாங்கத்திலேயே ஒரு ஆள் உண்டு. ஃபோன் செய்தால் வருவான், வேலியோரம் கண்ணி வைப்பான், பிடித்துக்கொண்டு போவான். ஆனால் எங்கள் மாவட்டத்தில் அந்த ஆள் எல்டன். வெல்டாவின் முதல் புருஷன்.

போன வருஷம் அவன் வந்து போன நாளெல்லாம் மெர்வின் சாப்பிடவில்லை. அவன் மட்டும் நன்றாகச் சாப்பிட்டான், வெல்டாவின் சமையலறையில் உட்கார்ந்து. அதனால் இந்த வருஷம் மெர்வின் முந்திக்கொண்டார்.

"இந்தத் தடவ நான் பாத்துக்கறேன் வெல்டா. எல்டன் வண்டி இந்த வாசல்ல நிக்கக் கூடாது."

"நிக்காது," என்றாள் வெல்டா. "ஆனா ஒரே ஒரு குட்டி போகட்டும், அன்னிக்கே அவனுக்கு ஃபோன் போட்டுடுவேன். உங்க ரோஷத்துக்குத் தீனி போட நான் ஆடு வளக்கல."

மெர்வின் ஒமாஹாவில் முப்பது வருஷம் குளிர்சாதனப் பெட்டி விற்றவர். விற்கும்போது மற்றவர்களை எவ்வளவு யோசிக்க வைத்தாரோ, அதற்கெல்லாம் சேர்த்து வாங்கும்போது தானே யோசித்தார். சனிக்கிழமை தவறாமல் ஆர்லோவின் துப்பாக்கிக் கடைக்குப் போய்விடுவார். பெண் பார்க்கப் போகிற வீட்டில் உட்காருகிற மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொல்லி, நிறம் பார்த்து, எடை பார்த்து, வீட்டில் கலந்து சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுவார். ஆர்லோவுக்கு அதில் வருத்தமே இல்லை. குளிர்காலத்தில் அவன் கடைக்கு வேறு யார் வருகிறார்கள்.

ஒரு சனிக்கிழமை ஆட்டுக்கு ஊசிமருந்து வாங்க நானும் டவுனுக்குப் போயிருந்தேன். மருந்துக்கடைக்கு அடுத்த கடைதான் ஆர்லோவுடையது. உள்ளே எட்டிப் பார்த்தால் சம்பந்தம் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"223 தோட்டா ரொம்பச் சின்னதுப்பா," என்றார் மெர்வின். "இங்க அடிக்கிற காத்துக்குத் தள்ளிக்கிட்டுப் போயிடும்."

"தள்ளும்," என்றான் ஆர்லோ. "அப்ப 243 எடுத்துக்குங்க. கனமான தோட்டா, காத்துக்கு அசையாது."

"அது நரித் தோல்ல பெரிய ஓட்டை போட்டுடுமே. அப்புறம் தோலை யாரு வாங்குவா?"

"யாரும் வாங்க மாட்டாங்க. அப்ப 223 தான்."

"காத்து இருக்கேப்பா."

"இருக்கு," என்றான் ஆர்லோ. அவன் வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரையும் மறுத்துப் பேசியதில்லை.

நான் கேட்டேன், "மாப்பிள, இதுவரைக்கும் எத்தன தோல் வித்திருக்கீங்க?"

"ஒன்னும் இல்ல மதினி. ஆனா விக்கறதா இருந்தா?"

நான் ஊசிமருந்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன், பேச்சு அவ்வளவு ருசியாக இருந்தது. ஒரு குண்டு சுட்டதும் கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தள்ளி அடுத்த குண்டை ஏற்றுகிற ரகம்தான் வேண்டும் என்பதில் மட்டும் அவர் உறுதியாக இருந்தார். குறி சுத்தமாக இருக்குமாம். குழல் மெலிதா, தடியா? மெலிது சீக்கிரம் சூடாகிவிடும், தடி என்றால் தூக்க முடியாது. தோளில் அணைக்கிற கட்டை மரமா, பிளாஸ்டிக்கா? மரம் மழையில் உப்பும், பிளாஸ்டிக் பார்க்க நன்றாயிருக்காது.

"கொயோட்டி பாக்கவா போகுது?" என்றேன்.

"நான் பாக்கணும்ல மதினி."

கடைசியில் பேச்சு மேலே பொருத்துகிற ஸ்கோப்புக்கு வந்தது. ஆர்லோ ஒரு சின்ன ஸ்கோப்பை எடுத்து வைத்தான். "மூணு மடங்குல ஆரம்பிச்சு ஒம்போது வரைக்கும் பெருசாக் காட்டும். இந்த ஊர்ல பாதிப் பேர் இதத்தான் வச்சிருக்காங்க."

பாதிப் பேர் வைத்திருப்பதை வாங்குவதற்கா மெர்வின் இத்தனை சனிக்கிழமை செலவழித்தார்? "அறுநூறு கஜத்துல ஒரு நரி நிக்குதுன்னு வை. இதுல என்ன தெரியும்?"

"புள்ளி மாதிரி தெரியும்."

"பாத்தியா. எனக்கு அது கண்ணு தெரியணும்."

"கண்ணு தெரியணும்னா இது," என்று ஆர்லோ ஏணி போட்டு ஏறி மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கினான். புழக்கடைக் குழாய் அளவுக்கு நீளம். ஆறு மடங்கில் ஆரம்பித்து இருபத்தைந்துக்குப் போகும். உள்ளே பார்த்தால் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள். வெளியே திருகுகிற குமிழ் மட்டும் மூன்று. மெர்வின் அதைக் கண்ணில் வைத்து, தெருவுக்கு அந்தப் பக்கம் பாங்கு வாசலில் நின்ற பாதிரியாரின் மூக்கைப் பார்த்து, "மச்சம் இருக்கு" என்றார். அத்தோடு நிச்சயம் முடிந்தது. தோட்டா 243. தோல் வியாபாரத்தை அன்றைக்கே கைவிட்டுவிட்டார்.

துப்பாக்கி வந்தது, இனிக் கொயோட்டி பாடு திண்டாட்டம் என்று நினைத்தால், அப்படி உடனே சுட்டுவிடக் கூடாதாம். ஸ்கோப்பையும் குழலையும் ஒரே இடத்தைப் பார்க்க வைக்க வேண்டும். அது இங்கே எல்லாரும் செய்வதுதான். ஒரு மேஜை, மேலே மணல்மூட்டை, அதன்மேல் துப்பாக்கி, நூறு கஜம் தள்ளி ஒரு அட்டை. நாலு குண்டில், மிஞ்சினால் பத்து குண்டில் முடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள்.

மெர்வின் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.

காலைக் காபி முடிந்ததும் குட்டிக் கொட்டகைக்குப் பின்னால் மேஜை போட்டுக்கொண்டு உட்காருவார். டமார். எழுந்து அட்டைவரை நடப்பார், அளவுகோல் வைத்து அளப்பார், திரும்பி வந்து குமிழைத் திருகுவார். டமார். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு இடைவேளை. அப்புறம் வெயில் ஏறினதில் குழல் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். டமார். முதல் இரண்டு நாள் வெல்டாவின் ஆடுகள் மிரண்டு ஓடின. மூன்றாம் நாள் அவர் மேஜைக்கு அடியிலேயே படுத்து அசைபோட ஆரம்பித்தன.

அந்த மூன்று வாரத்தில் அவள் பக்கம் ஒரு குட்டியும் போகவில்லை. என் பக்கம் வரிசையாகப் போனது.

வேலியோரம் நின்று வெல்டாவிடம் சொன்னேன், "நேத்தும் ஒன்னு போச்சுடி. நல்லா உருண்டு தெரண்ட குட்டி."

"எங்க பக்கம் ஒன்னும் ஆகலக்கா," என்றாள். குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததா இல்லையா என்று அவளைக் கேட்டால் இல்லை என்பாள். "அவரு துப்பாக்கி வாங்கினது நரிக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு போல."

"எனக்கும் அந்த மாதிரி ஒருத்தரப் பாத்துச் சொல்லேன்."

ஒரு வெள்ளிக்கிழமை மெர்வின் அட்டையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். ஐந்து குண்டும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்குகிற மாதிரி பட்டிருந்தன. "முடிஞ்சுது மதினி. இனிமே ஒரு குண்டு வீணாக்க மாட்டேன். அடுத்த குண்டு நரிக்குத்தான்." துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, உறையில் போட்டு வைத்தார். பண்ணை சத்தமில்லாமல் ஆயிற்று. அப்பாடா என்று நான் தூங்கினேன்.

திங்கட்கிழமை விடியும்போது வேட்டைக்குக் கிளம்பினார். என் குட்டிகள் போன கோபத்தில் நானும் கூடவே போனேன். அவர் தோளில் அந்தத் துப்பாக்கி. அது கனத்த கனத்துக்குத் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பார்ப்பதற்கு வாளி சுமக்கிற ஆள் மாதிரி நடந்தார். மேட்டுக்குக் கீழே சேஜ் புதருக்குள் உட்கார்ந்தோம். அடிபட்ட முயல் அலறுகிற மாதிரி சத்தம் போடுகிற பெட்டி ஒன்றை எங்களுக்கு முன்னால் வைத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டால் கொயோட்டி தேடிக்கொண்டு வரும்.

மெர்வின் ஸ்கோப்பை இருபத்தைந்துக்குத் திருகி, அறுநூறு கஜம் தள்ளி இருந்த மலைவரிசையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கொயோட்டி பக்கவாட்டிலிருந்து வந்தது. காலைச் சாப்பாட்டுக்கு வருகிற மாதிரி நிதானமாக ஓடி வந்து, எங்களுக்கு இருபது அடி தள்ளி நின்று, பெட்டியைப் பார்த்தது.

"மாப்பிள," என்றேன் வாய்க்குள்ளேயே.

"இருங்க மதினி, ஒரு கல்லு அசையுது."

"மாப்பிள, இடது பக்கம்."

துப்பாக்கியைத் திருப்பினார். கண்ணை ஸ்கோப்பில் வைத்தார். மூச்சைப் பிடித்தார். அப்படியே இருந்தார்.

"சுடுங்க."

"மயிருதான் தெரியுது."

"எந்தப் பக்கத்து மயிரு?"

"அது தெரியலியே. முழுக்க மயிரா இருக்கு. தலையா வாலான்னு தெரிஞ்சாத்தான..."

ஒரு கையால் குமிழைத் திருகிப் பார்த்தார். ஆறுக்குக் கீழே அது இறங்காது. ஆறு மடங்கிலும் அவருக்குத் தெரிந்தது கொஞ்சம் சின்ன மயிர்தான். ஸ்கோப்புக்கு வெளியே வெறும் கண்ணால் பார்த்தார், கொயோட்டி அவரைப் பார்த்தது. மறுபடி உள்ளே குனிந்து சுட்டார். அந்த முயல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சேஜ் புதர் அடியோடு போயிற்று. கொயோட்டி போகும்போது ஓடக்கூட இல்லை.

மறுநாள் காலை வெல்டாவின் பக்கம் இரட்டைக் குட்டியில் ஒன்றைக் காணோம். பத்து மணிக்கு எல்டனின் பிக்கப் வண்டி வாசலில் நின்றது.

எல்டன் வேலியோரம் முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தான். ஒரு காலத்தில் அவனும் என்னை மதினி என்றுதான் கூப்பிட்டான். இப்போது மேடம். வெல்டா, ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டை உள்ளே வைத்துச் சுட்ட பலகாரத்தில் ஒரு துண்டு வைத்தாள். மெர்வின் பார்க்கிறார் என்பதால் சின்னத் துண்டு. அவன் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினான், அவள் இன்னொன்று வைத்தாள்.

"இங்க ரொம்ப நாளா யாரு சுட்டுக்கிட்டு இருந்தது?" என்று கேட்டான்.

"நான்தான்," என்றார் மெர்வின். "குறி சரி பண்ணிக்கிட்டு இருந்தேன்."

"எப்ப நிறுத்துனீங்க?"

"வெள்ளிக்கிழமை. ஏன்?"

"வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி உங்க பக்கம் ஒரு காலடித் தடம் கெடையாது. எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம், மேடத்தோட நெலத்துல. வேலி ஓரமா வந்து திரும்பித் திரும்பிப் போயிருக்கு. நீங்க நிறுத்துனப்புறம்தான் இந்தப் பக்கம் தாண்டுது." முள்கரண்டியை வைத்தான். "சத்தத்துக்குப் பயந்துக்கிட்டு இருந்திருக்கு."

வெல்டா என்னைப் பார்த்தாள். நான் மெர்வினைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

"அப்ப ரெண்டு வழி இருக்கு," என்றான் எல்டன். "நான் வேலியோரம் கண்ணி வச்சுட்டுப் போறேன். வச்சா நான் தினம் காலைல வந்து பாப்பேன், அது என் பழக்கம். ஒரு மாசம் ஆகலாம், ரெண்டு மாசமும் ஆகலாம். இல்லன்னா, கோடை மேய்ச்சலுக்கு ஆட்டயெல்லாம் மலைக்கு ஏத்தற வரைக்கும் இவரு பழையபடி தினம் சுட்டுக்கிட்டு இருக்கட்டும்."

"எத?" என்றார் மெர்வின்.

"எத வேணா. பட்டாத்தான்னு ஒன்னும் இல்ல. நரி அட்டையப் போயிப் பாக்கறதில்ல."

மெர்வினின் காது மடல் சிவந்தது. நான் அவரைப் பரிகாசம் பண்ணுகிறவள்தான், ஆனாலும் அந்த நிமிஷத்தில் வேறு எங்காவது இருந்தால் தேவலை என்றிருந்தது. தினம் காலையில் எல்டன் இந்த நாற்காலியில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் எல்டன் சொன்னபடி இவர் வயற்காட்டுப் பொம்மைக்குக் கை கால் முளைத்த மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டில் எது பெரிய அவமானம் என்று அவர் எடைபோட்டார். துப்பாக்கி வாங்க மூன்று மாதம் யோசித்த மனிதர் இதற்குக் காபி ஆறுகிற நேரம்கூட எடுக்கவில்லை.

"வெல்டா," என்றார், எல்டன் பக்கம் திரும்பாமலேயே. "நேத்து மேட்டுல பாத்தேன். இந்த ஸ்கோப்புல எனக்குத் திருப்தி இல்ல. பக்கத்துல இருக்கற பொருளுக்கு ஒத்து வரல. ஆர்லோகிட்ட வேற நாலஞ்சு வாங்கிட்டு வந்து ஒவ்வொன்னாப் போட்டுப் பாக்கணும். தினம் சுட்டுப் பாத்தாத்தான் தெரியும். ஆடு மலைக்குப் போற வரைக்கும் ஆயிடும்னு நெனைக்கறேன்."

வெல்டா சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு ஏதாவது கொடுக்கலாம். "ஆமாங்க," என்றாள், "அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க."

"மத்தியானத்துக்கு மேல என் பக்கம் வந்தும் போட்டுப் பாருங்க மாப்பிள," என்றேன் நான். எனக்கும் ஆடு இருக்கிறதே.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வரேன் மதினி. உங்க பக்கம் காத்து வேற மாதிரி. அதுக்குத் தனியாத்தான் பாக்கணும்."

எல்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். கண்ணிகளை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. வாசலைத் தாண்டி, வளைவு திரும்பி, வண்டி கண்ணுக்கு மறைகிறவரை மெர்வின் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கொட்டகைக்குப் பின்னால் போனார். மேஜையை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

வெல்டா எனக்கும் அந்த ருபார்ப் பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டினாள், பெரியதாகவே. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முதல் குண்டு வெடித்தது. எங்கே பட்டது என்று எழுந்து பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.