குவிமாடத்தின் அடியில் ஓர் ஆள்

"பெருசாக்கினா மொகம் வரமாட்டேங்குக்கா. புள்ளி புள்ளியாத்தான் தெரியுது," என்றான் பேனர் கடை மணிகண்டபிரபு. மஞ்சு போனைக் காதில் வைத்தபடி ஐஸ் பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அது நன்றாகத்தான் தெரிந்தது.

நாலு மணிக்கு எடுக்க வேண்டும். அதற்குள் தெருமுனையில் அஞ்சலி பேனர் நிற்க வேண்டும். இன்று ஒரு நாளாவது நாலு பேர் அவரைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. ஆனால் அப்பா சுடலைராஜுக்குப் படமே இல்லை. டெல்லியில் தேசிய ஓவியக் கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் காவலாளியாக நின்றவர். யார் கேமராவைத் தூக்கினாலும் பழக்க தோஷத்தில் ஒதுங்கிவிடுவார். மஞ்சுவின் கல்யாண ஆல்பத்தில்கூட அவருடைய முழங்கைதான் இருக்கிறது. ஆதார் அட்டையில் இருப்பதோ பக்கவாதத்தில் வாய் கோணிய முகம்.

மிஞ்சியது, அந்தக் கட்டடத்தின் வரலாற்றைச் சொல்லும் புத்தகத்தில் வந்த ஒரு படம். ராஜா ஒருவர் டெல்லிக்கு வந்தால் தங்குவதற்காக வண்ணத்துப்பூச்சி வடிவில் கட்டிய மாளிகை அது. சுதந்திரத்துக்குப் பிறகு ஓவியங்கள் குடிவந்தன. நடுவில் குவிமாடம். அதன் உயரம் புரிய ஓர் ஆள் வேண்டுமென்று படமெடுத்தவர் இவரை அடியில் நிறுத்தினாராம். ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்த பிறகு வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். யாராவது விரலைக் கொண்டுபோனால் போதும், "தொடாம பாருங்க, ஒரு சாண் தள்ளி," என்பார். வீட்டுக் காலண்டருக்கும் அதே சட்டம்தான்.

"ஆதார் மொகத்த வெட்டி, வெள்ளச் சட்ட ஒடம்புல ஒட்டிரவாக்கா?"

"வேண்டாம்பா. முழுப் படத்தையும் அப்படியே போடு."

"பாக்கவங்க ஆளத் தேடணுமேக்கா."

"தேடட்டும்."

காலையிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. அது அவளுக்கே பயமாக இருந்தது.

மூன்று மணிக்குச் சாரலோடு பேனர் வந்தது. வாசல் சுவரில் சாய்த்து வைத்தார்கள். இலஞ்சியிலிருந்து வந்திருந்த பெரியப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இது எந்தக் கல்யாண மண்டபம்?" என்று கேட்டார்.

அம்மா பேராச்சி பெட்டியருகிலிருந்து எழுந்து வந்தாள். அழுது வீங்கிய கண்ணுக்குக் குவிமாடம் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"எங்கட்டி நிக்காக?"

"இங்கனம்மா."

மஞ்சு விரலை நீட்டினாள். அது பேனருக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது.