செருப்பு எரிந்த புதன்கிழமை

மருத்துவமனை பாய்லரில் பழைய செருப்புகளை எரித்த நாட்களில், அந்த வெந்நீரில் குளித்த நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். கால் அசையாதவர்களும்தான். எண்ணெய் விலை ஏறியதும், ஊரின் மக்காத குப்பையை எரித்தே வெந்நீர் போடுவது என்று முடிவான முதல் மாதமே இது தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி எரித்தால் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். செருப்பில்தான் வம்பு. அது உடையவர் போன வழியிலேயே போகும். இடுப்பெலும்பு முறிந்த ஒரு வாத்தியார், யாரோ ஒருவருடைய மளிகைக் கடைக்குப் போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். பெரிய டாக்டர் வந்து ஆராய்ந்து, புகை அளவு சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேறென்ன செய்வார், பாவம்! செருப்பைப் பொறுக்கி, எரிக்காமல் தனியே போடச் சொல்லிப் பாய்லர்காரருக்கு உத்தரவு வந்தது.

பாய்லர்காரரின் மனைவி அதே மருத்துவமனையின் பெண்கள் வார்டில் இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. தன் காலில் நடந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் டிஸ்சார்ஜ். மற்றவர்களை வெளியூர் காப்பகத்துக்கு ஏற்றிவிடுவார்கள். வியாழக்கிழமை வேன் வரும் என்று கடிதம் வந்ததிலிருந்து மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாய்லரையே சுற்றிச் சுற்றி வந்தார். வீட்டு வாசலில் அவள் செருப்பு கழற்றிப் போட்டபடியே கிடந்தது. இரண்டு வருஷமாக அதை நகர்த்தாமல் சுற்றிலும்தான் பெருக்கிவந்தார். புதன் காலையில் அதைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து நெருப்பில் போட்டார். வெந்நீர் ஒரு கட்டிலுக்கு மட்டும் போவதில்லை என்பது அவசரத்தில் மறந்துபோயிற்று.

மதியம் ஒரு மணிக்குப் பாய்லர் அறை வாசலில் நாற்பது பெண்கள் வந்து நின்றார்கள். எல்லோருடைய வலது கையும் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்த மாதிரி மடங்கியிருந்தது. அடப்பாவி, வீட்டுக்குப் போகச் சொன்னால் இங்கே வந்து நிற்கிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டார். பதினெட்டு வருஷம் அந்தச் செருப்பு தினமும் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தது இங்கேதானே! வரிசையின் கடைசியில் அவர் மனைவி நின்றாள்.

"சாப்பிட்டாச்சா?" என்று நாற்பது பேரும் கேட்டார்கள்.

"இன்னும் இல்லம்மா," என்றார். அவர் சாப்பிட்டு முடிக்காமல் அவள் ஒருநாளும் கிளம்பியதில்லை. அது ஞாபகம் வந்ததும் தரையில் உட்கார்ந்து, வெறும் கையைப் பிசைந்து பிசைந்து வாயில் வைத்தார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. கை கழுவியதும் நாற்பது பேரும் திரும்பி, வரிசையாக அவர் வீட்டுக்கு நடந்தார்கள்.

சாயங்காலம் பாய்லர் ஆறிப்போய் எல்லோரும் அவர் வீட்டில் விழுந்த இடத்தில் கிடக்க, தலைமை நர்ஸ் ஆம்புலன்ஸோடு வந்து முப்பத்தொன்பது பேரை ஏற்றினாள். மிச்சமிருந்த அவர் மனைவியைக் காட்டி, "இவங்களையும் தூக்கணுமே?" என்றாள்.

"இவ தன் கால்ல நடந்து வீட்டுக்கு வந்துட்டா, சிஸ்டர்," என்றார்.

நர்ஸ் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பதிவேட்டில் அப்படியே எழுதிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவர் மனைவி நடக்கவில்லை. தினமும் ஒரு மணிக்கு அவர்தான் வீட்டுக்கு நடந்து வந்தார்.