உயிருள்ள பொடி

கிருமி என்ற சொல் காதில் விழுந்தாலே அவளுக்குக் கை துறுதுறுக்கும். மருத்துவமனையின் அடித்தளத்தில், அறுவைக் கருவிகளை நீராவியில் வைத்துத் தூய்மையாக்கும் அறையில் அவளுக்கு வேலை. கத்தரியாயினும் இடுக்கியாயினும் அவள் கையைக் கடந்த பின்னரே மேல்மாடி ஏறும். வீட்டிலும் அவளுடைய ஆட்சி அதுவே. மகளின் பொம்மைகூட வாரம் ஒருமுறை வெந்நீரில் முங்கி எழும்.

அப்பேர்ப்பட்டவளின் மகளுக்குத்தான் நெஞ்சில் சளி கட்டிக் கடுங்காய்ச்சல் கண்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆண்டிபயாடிக் மருந்து காய்ச்சலை ஓட ஓட விரட்டியது. ஆனால் காய்ச்சல் இறங்கிய கையோடு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. கொழுகொழுவென்று இருந்ததால் ‘குண்டுமணி’ என்று பெயர் வாங்கிய பெண், காற்சட்டை இடுப்பில் நில்லாத அளவுக்கு இளைத்துப் போனாள்.

"மருந்து கெட்ட கிருமியோட சேர்த்து வயித்துல இருக்கற நல்லதையும் அழிச்சிடுச்சும்மா," என்றார் குழந்தை மருத்துவர். "இந்தப் பொடியைத் தண்ணில கரைச்சுக் குடுங்க, இதுல இருக்கறது உயிருள்ள நல்ல கிருமி. தயிர் குடுங்க, வழக்கமான சாப்பாட்டை நிறுத்தாதீங்க. எல்லாத்துக்கும் மேல, உப்புச் சர்க்கரைத் தண்ணி விடாம குடுக்கணும். பிள்ளை துவண்டாலோ, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ உடனே தூக்கிட்டு வாங்க."

கிருமியைக் காசு கொடுத்து வாங்கும் காலமும் வந்ததே என்று நொந்தபடி அவள் வீடு திரும்பினாள். அடுப்பில் நீர் தளதளவென்று கொதித்தது. கொதிக்கும் நீரிலேயே பொடியைக் கொட்டிக் கலக்கி, பிறகு ஆற்றினாள். பழகிய கை, பழகியதைச் செய்தது. தயிரையும் விட்டுவைக்கவில்லை.

"தயிரைக் கொதிக்க வெச்சு நான் பார்த்ததே இல்ல," என்றான் பேருந்துப் பணிமனையிலிருந்து வந்த கணவன். "திரிஞ்சு போய் என்னைப் பார்த்து அழுவுது பாரு."

"கடையில வாங்கினதுங்க. எவன் கை பட்டுச்சோ!"

"என் கை முழுக்க கிரீஸ். என்னையும் ஒரு கொதி விட்டு இறக்கிடு."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே குழந்தை மீண்டும் முனகியது. மாற்றிய துணி ஈரம் உலர்வதற்குள் அடுத்த துணி நனைந்தது. பெற்ற மனம் பித்து என்பார்கள். அவள் பித்துக்குக் கொதிகலன் வேறு துணை. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் கரண்டியை ஒவ்வொரு வாய்க்கும் கழுவிக் கொதிக்க வைத்தாள். அது ஆறும் முன்னே குழந்தை தூங்கிப்போகும்; புகட்டியதைக் காட்டிலும் காத்திருந்ததே அதிகம்.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "எம்புள்ளைங்க மண்ணைத் தின்னே மலையாட்டம் வளந்துதுங்க. நீ என்னடான்னா கரண்டியைக் குளிப்பாட்டியே பொழுதை ஓட்டற."

"நான் சொன்னாப்பலயே செய்யுங்க அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று கும்பிட்டுவிட்டு, விடுப்பு கிடைக்காத வேலைக்கு ஓடினாள்.

அங்கே, ‘நீராவி அண்ணன்’ என்று எல்லோரும் அழைக்கும் மூத்த ஊழியர் சோதனைக் குப்பிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிருள்ள கிருமி அடைத்த குப்பி ஒன்றைக் கருவிகளோடு நீராவியில் வைப்பார்கள். மற்றொன்றை வெளியிலேயே விட்டுவைப்பார்கள். பிறகு இரண்டையும் இளஞ்சூட்டில் காத்திருக்கச் செய்வார்கள். வெளியில் இருந்தது மஞ்சளானால் அதில் உயிர் வளர்கிறது என்று பொருள். நீராவி கண்டது ஊதாவாகவே நின்றால் மாண்டது என்று பொருள்.

"இங்க பாரும்மா, ஊதா," என்றார் அவர் பெருமையாக. "பூண்டோட காலி. நம்ம சூட்டுக்குத் தப்புன உயிர் உண்டா?"

அவள் ஊதாக் குப்பியையே வெறித்தாள். தளதளக்கும் நீர். அதில் கொட்டிய பொடி. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவள் வேறு யாருமில்லை, அவளேதான்.

அந்நேரம் தொலைபேசி ஒலித்தது. நாத்தனாரின் குரலில் வழக்கமான காரம் இல்லை. "அழுவுறாடி. கண்ணுல சொட்டுத் தண்ணி வரல. காலையிலேருந்து துணி ஈரமே ஆகல."

"தூக்கிட்டு வாங்க அண்ணி! எதுக்கும் காத்திருக்காதீங்க!"

குழந்தைப் பிரிவில் குண்டுமணி வாடிய கீரைத்தண்டாய்க் கிடந்தாள். கண்கள் குழிந்திருந்தன. "நான்தான் டாக்டர், பொடியை வேக வெச்சுக் கொன்னுட்டேன்," என்று அவள் மருத்துவரின் காலில் விழாத குறையாகக் கதறினாள்.

"பொடி செத்ததால மட்டும் இப்படி ஆகலம்மா. அது ஒரு துணைதான். உடம்புல தண்ணி வத்திப் போச்சு, அதான் ஆபத்து. இன்னும் குடிக்கற நிலைமையில இருக்கா. கொஞ்சம் கொஞ்சமா, விடாம குடுங்க. ஒண்ணுக்குப் போகலைன்னா நரம்புல ஏத்தித்தான் ஆகணும்."

அவள் கரண்டியை எடுத்தாள். முதல் வாய் உள்ளே போனது. நான்காவது வாயில் எல்லாம் வெளியே வந்தது. கழுத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து, மீண்டும் தொடங்கினாள். குழந்தை பல்லைக் கடித்தது. "என் தங்கம்ல, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினாள், மிரட்டினாள், அழுதாள். கரண்டி படுக்கையில் விழுந்தபோது, ஒரு கணம் எழுந்து குழாயடிக்கு ஓடப் பார்த்தாள். குழந்தையின் உதடு திறந்திருந்ததைக் கண்டு, கரண்டியை முந்தானையில் துடைத்து அப்படியே புகட்டினாள்.

இடையில் ஆறிய நீரில் புதிய பொடியைக் கரைத்தாள். சூடு இருக்கிறதா என்று குவளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நாத்தனார் நீட்டிய தயிரைச் சூடாக்காமலே விரலில் தொட்டு நாக்கில் தடவினாள். குழந்தை முகம் சுளித்தது, ஆனால் துப்பவில்லை.

சன்னலில் வெயில் சரிந்தது. செவிலி ஊசித் தட்டோடு இருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். தாய் குழந்தையின் துணிக்கடியில் கைவிட்டுப் பார்த்தாள், உலர்ந்திருந்தது. புகட்டினாள். மறுபடி பார்த்தாள். உலர்ந்தேயிருந்தது. வேண்டாத தெய்வம் மிச்சமில்லை.

பிறகு ஒருமுறை கைவிட்டபோது விரல்களில் வெதுவெதுப்பு ஊறியது. துணியை உருவி, முகர்ந்து பார்த்து, அதை நெஞ்சோடு அணைத்தபடி நடைகூடத்தில் தலைவிரி கோலமாய் ஓடினாள்.

"போயிட்டா! போயிட்டா!"

செவிலி திடுக்கிட்டு எழுந்தாள். "யாரும்மா போயிட்டா?"

"ஒண்ணுக்கும்மா! பாருங்க, நனைஞ்சிருக்கு!" என்று துணியைச் செவிலியின் மேசைமேல் விரித்தாள்.

செவிலி நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டாள். "நல்லா உயிர் வாங்கினீங்க போங்க. முதல்ல அதை என் மேசையிலேருந்து எடுங்க. கண்டம் இன்னும் தாண்டல. ஓடுங்க, அடுத்த கரண்டியைக் குடுங்க."