போர்டு இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

கம்பம் கடைவீதியில் கலீல் ரஹ்மான் ராவுத்தரை நிறுத்திக் கேள்வி கேட்டவர் யாரும் கிடையாது. ஏலக்காய்க் கடை அவருடைய பாட்டனார் காலத்தது, அதன் தகரப் போர்டு தகப்பனார் மாட்டியது. வீதியில் இரண்டு பேருக்குள் தகராறு என்றால் அந்தக் கடைப்படியில்தான் வந்து நிற்பார்கள். முழுக்கைச் சட்டையின் கடைசிப் பொத்தான்வரை போட்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். அத்தோடு முடிந்தது வழக்கு.

அப்படிப்பட்டவரை ஒரு சனிக்கிழமை பாத்திரக்கடை தங்கபாண்டி வந்து கேட்டேவிட்டார்.

"ராவுத்தரே, உங்க வீட்டுல இருந்து இதை எதிர்பார்க்கலை. உங்க மருமக ரோட்டு ஆபீசுக்கு வீதியை அளந்து குடுத்துட்டாக."

"யாரு? பாஜிலாவா? எதை அளந்தா?"

"போன ஞாயித்துக்கிழமை நட்டநடு ரோட்டுல முக்காலியை நிப்பாட்டி, கூட ஒரு பிள்ளையையும் வச்சுக்கிட்டு, ஒவ்வொரு கடையா மாடி வரைக்கும் படம் புடிச்சிருக்காக. பைபாஸ் போடுறதுக்கு முந்தியும் இப்படித்தான் முக்காலியோட வந்து நின்னாக. அப்புறம் என்ன வந்துச்சு? ஜேசிபி வந்துச்சு."

தங்கபாண்டியைக் குறை சொல்லி என்ன பயன்? கம்பம் பள்ளத்தாக்கில் முக்காலியைக் கண்டால் இப்போது ஆட்கள் வீட்டுப் பத்திரத்தைத் தேடுவார்கள். எத்தனை தென்னந்தோப்பு, எத்தனை திராட்சைப் பந்தல் அதன் கண்ணில் பட்ட பிறகு ரோடாகிப் போயின. கடைவீதியிலோ ஒவ்வொரு கடையும் ஓரெட்டு ரோட்டுக்குள்தான் இருந்தது. தகரப் பந்தல், படிக்கட்டு, போர்டு, போர்டுக்கு மேல் இன்னொரு போர்டு.

கலீல் ரஹ்மான் அன்று மதியமே கடையை அடைத்துவிட்டு உத்தமபாளையத்தில் உள்ள வீட்டுக்குப் போனார். பாஜிலா தேனியில் ஒரு கல்லூரியில் ஆசிரியை. உடன் வேலை பார்க்கும் சினேகாவும் அவளும் விடுமுறை நாளில் ஏதாவது ஊர்க் கடைத்தெருவுக்குப் போய்ச் சுற்றிவிட்டு, டீ குடித்துவிட்டு, நாலு கட்டடத்தைப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். தேனி, போடி, பெரியகுளம் எல்லாம் முடித்து இப்போது கம்பத்துக்கு வந்திருந்தார்கள். இது அவருக்குத் தெரியாததல்ல. படித்த பிள்ளைகள், கடைக்குப் போய் வருகிறார்கள் என்று விட்டிருந்தார்.

"அது கேமரா ஸ்டாண்டு மாமா. படம் ஆடாம இருக்கத்தான்" என்றாள் பாஜிலா.

"எடுத்த படம் யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. பார்க்கத்தான்."

"பார்க்குறதுக்குத்தான் வீதி நேர்லயே இருக்கே?"

"நேர்ல யாரு மாமா பார்க்குறா?"

அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். போர்டும் ஒயரும்தான் தெரிந்தன. அவற்றுக்கு மேலே, நெற்றியில் இட்ட கோடுபோல, பழைய சுவரின் ஒரு கீற்று. இதற்கா இத்தனை கூத்து என்று இருந்தது அவருக்கு.

"நாளைக்கு நீ என்கூட வர்ற. அந்தப் பிள்ளையும் வரட்டும், முக்காலியும் வரட்டும். வீதியில வச்சு எல்லாருக்கும் நானே சொல்றேன். வீதியைக் காட்டிக்குடுத்த வீடுன்னு நமக்கு ஒரு பேரு விழுந்துச்சுன்னா, அந்தக் கடைப்படியில எனக்கு உட்கார யோக்கியதை இல்ல."

"என்னால வந்தது மாமா. நானே சொல்லிர்றேன்."

"வீட்டுப் பேரைக் கேட்டாக. வீட்டுக்குப் பெரியவன் சொல்லணும்."

மறுநாள் காலை மூவரும் போனார்கள். வீதி முனையில் திரும்பியதும் ராவுத்தருடைய கால் நின்றுவிட்டது. தெருத் தப்பிப் போய்விட்டோமோ என்று ஒரு கணம் திகைத்தார்.

போர்டுகள் இல்லை. பந்தல்கள் இல்லை. அளந்தவர்கள் திரும்பி வருவதற்குள் ரோட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்று வீதியே சேர்ந்து, அவரவர் கடையில் நீட்டிக்கொண்டிருந்த அத்தனையையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. அவற்றின் பின்னால் அத்தனை காலமும் ஒளிந்திருந்த வீதி வெளியே வந்து நின்றது.

தங்கபாண்டியின் பாத்திரக்கடை மாடியில் இரண்டு சுதை மயில்கள், கழுத்தில் நீலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்க, எதிரும் புதிருமாக நின்றன. அடுத்து பீட்டர்ராஜின் குடைக்கடை. அதன் உச்சியில் வண்டிச் சக்கரம் போன்ற ஒரு வட்ட ஜன்னல், ஆரத்துக்கு ஆரம் வேறு நிறக் கண்ணாடி. அதைத் தாண்டித் தேக்கு மரத் தூண்கள் தாங்கிய ஒரு நீண்ட பால்கனி. கிழக்கு வெயில் வளைவு வளைவாக ஏறி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நிழலை வைத்துக்கொண்டே போனது. கடைசி மாடிக்கு மேலே மலை நின்றது. வீதியிலிருந்து மலை தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது.

'தினமும் இதுக்குக் கீழேயா நடந்தோம்?' என்று நினைத்தார். சினேகா முக்காலியை நிறுத்தக்கூட மறந்துபோய் நின்றாள்.

"வந்துட்டாக பாருங்க, முக்காலியோட!" தங்கபாண்டி முன்னால் வந்தார். "ஆத்தா, நல்லா அளந்துக்க. ரோட்டுப் பக்கம் ஒரு ஆணி நீட்டிக்கிட்டு இல்ல."

கூட்டம் கூடிவிட்டது. கலீல் ரஹ்மான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இவுக அளக்கலை. எந்த ஆபீசுக்கும் குடுக்கலை. கட்டடம் அழகா இருக்குன்னு ஆசைக்குப் படம் எடுத்திருக்காக. இது என் வாக்கு."

"ஆசைக்கா?" தங்கபாண்டி நம்பவில்லை. "இந்த வீதியில அழகைப் பார்க்க ஒருத்தர் வருவாக, அதை நாங்க நம்பணும்?"

பீட்டர்ராஜ் மெதுவாகக் கேட்டார்: "சரிங்க ராவுத்தரே. அப்ப உங்க போர்டு மட்டும் எப்படித் தைரியமா நிக்குது?"

எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. வீதியே உரித்துப் போட்டு நிற்க, ஏலக்காய்க் கடையின் பெரிய தகரப் போர்டு மட்டும் அசையாமல் இருந்தது. முந்தின நாள் மதியம் கடையை அடைத்துவிட்டுப் போனவருக்கு அதற்குப் பிறகு நடந்த எதுவும் தெரியாது. ஆனால் அதை இப்போது யார் நம்புவார்கள்? தன் கடைக்கு இடிப்பு வராது என்று முன்கூட்டியே தெரிந்தவன் இவன் என்று அந்தப் போர்டே சாட்சி சொல்வதுபோல இருந்தது.

"ஏணியைக் கொண்டாங்க" என்றார்.

"மாமா, அது உங்க அத்தா காலத்துல மாட்டுனது..." என்றாள் பாஜிலா.

"அவுக பேரைக் காப்பாத்தத்தான்மா இறக்குறேன்."

இரண்டு பேர் ஏறி முறுக்கேறிய கம்பிகளை வெட்டினார்கள். போர்டு ஒரு பக்கம் தொங்கி, கிரீச்சிட்டு, பலருடைய கைகளில் இறங்கியது. பின்னாலிருந்து புழுதி மேகமாகக் கிளம்பியது. அது அடங்கட்டும் என்று எல்லாரும் காத்து நின்றார்கள்.

மூன்று வளைவுகள் தெரிந்தன. ஒவ்வொரு வளைவிலும் ஒட்டடை படிந்த பச்சைக் கண்ணாடி. கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாகச் சின்னச் சின்ன மினாராக் கோபுரங்கள். நடு வளைவைச் சுற்றிச் சுண்ணாம்புச் சாந்தில் ஒரு கொடி ஓடியது. கலீல் ரஹ்மான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கொடி இல்லை, ஏலச்செடி. நீண்ட இலைகளும், நரம்பும், காயும் அச்சு அசலாக இருந்தன. ஆனால் மண்ணோடு படர வேண்டிய காய்ச் சரத்தைத் திராட்சைக் குலைபோல உச்சியிலிருந்து தொங்கவிட்டிருந்தார் மலையேறாத எந்தக் கொத்தனாரோ. வேறு யார் கடையிலாவது இருந்தால் ராவுத்தர் அங்கேயே நிற்க வைத்துத் திருத்தியிருப்பார். இன்று இன்னும் ஓரடி கிட்டே போனார். அந்தத் தப்பையும் சேர்த்துத்தான் எவ்வளவு அழகு! கொத்தனார் இலைக்கு இலை மடிப்பு வைத்திருந்தார். தகரத்துக்குப் பின்னால் இருந்தும் ஒரு காய்கூட உதிரவில்லை.

"அடேங்கப்பா" என்றார் தங்கபாண்டி. பிறகு தன் மாடியைத் திரும்பிப் பார்த்தார், முதல் தடவையாக. "என் கடையில மயிலு இருக்கு!"

"நேத்து நீங்கதானய்யா ஏணியில நின்னு கழட்டுனீக?" என்றார் பீட்டர்ராஜ்.

"கம்பியைப் பார்த்தேன், ஆணியைப் பார்த்தேன். மயிலை எங்கன பார்த்தேன்?" தங்கபாண்டி பாஜிலா பக்கம் திரும்பினார். "ஆத்தா, நிசமாவே இதுக்குத்தான் வந்தீகளா?"

"இதுக்குத்தாண்ணே."

அவர் வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு ராவுத்தர் முன் வந்து கையைக் கூப்பினார். "தப்பாப் பேசிட்டேன் ராவுத்தரே."

கலீல் ரஹ்மான் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"சரிப்பா, போர்டை ஏத்துங்க, யாவார நேரம்" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது.

"யாரும் தொடாதீக" என்றார் கலீல் ரஹ்மான். கடைப்படியில் வழக்கு முடிக்கிற அதே குரல். "யாவாரம் எங்கயும் ஓடிப்போகாது. பாஜிலா, எடும்மா. எல்லாத்தையும் எடு."

நடு ரோட்டில் முக்காலி நின்றது. அதற்கு முன்னால், வண்டி எதுவும் வந்துவிடாதபடி, கலீல் ரஹ்மான் தாமே கை நீட்டிக்கொண்டு நின்றார். கூடலூர் பஸ் ஒன்று ஹாரனை அலறவிட்டபடி அவர் எதிரே வந்து நின்றது.

"யோவ் பெரிசு! வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று படியிலிருந்து கத்தினார் கண்டக்டர்.

"ஏலே, யாரைப் பார்த்து என்ன பேசுற?" என்று பாய்ந்தார் தங்கபாண்டி.

ராவுத்தர் இரண்டையும் கேட்டதாகத் தெரியவில்லை. நீட்டிய கையை இறக்காமல் அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் என்ன தகராறு என்று தலையை வெளியே நீட்டினார்கள். முதலில் ரோட்டைப் பார்த்தார்கள். எல்லாரும் மேலே பார்ப்பதைக் கண்டு அவர்களும் மேலே பார்த்தார்கள். கண்டக்டர் விசிலை வாயருகே கொண்டுபோனவர் ஊதாமல் அப்படியே நின்றார்.