யார் கையசைத்தது?

ஆறாவதாக வந்ததற்கா இத்தனை கூத்து என்று கேட்பவர்கள் பெரிய அணிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள். கார்ப் பந்தயத்தில் நாங்கள் சின்ன அணி, பெயர் செனியோ. இத்தாலியில் லூகோ என்ற ஊரில் பீச் பழக் கிடங்குக்குப் பின்னால் எங்கள் பட்டறை இருந்தது. அந்தக் காலத்தில் முதல் ஆறு பேருக்குத்தான் புள்ளி, அதிலும் ஆறாவது ஆளுக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் எங்களுக்குக் கிடைத்ததில்லை. புள்ளி வாங்கிய அணிகளின் கார்களைக் கடல் கடந்து ஏற்றிப்போக அடுத்த ஆண்டு பந்தயம் நடத்துகிறவர்களே கப்பல் பிடித்துக் கொடுப்பார்கள். வாங்காத அணி தானே பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளவனுக்குக் கொடுக்கப்படும், இல்லாதவனிடமிருந்து உள்ளதும் எடுத்துக்கொள்ளப்படும் என்று வேதத்தில் ஒரு வசனம் உண்டு. மற்ற வசனங்களை எல்லாம் மறந்துவிட்டு இதை மட்டும் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்த மனிதர்கள் அவர்கள்.

நான் அந்த அணிக்குச் சமைத்தவள், எர்சீலியா. பட்டறையில் எல்லோருக்கும் அத்தை.

எங்கள் ஓட்டுநர் எல்வியோ கெத்தி. காய்கறிக்கடைக்காரர் மகன். வேகமாகப் போகாத காரை வேகமாக ஓட்டத் தெரிந்தவன். மழை பெய்தால் எல்லாக் காரும் ஒன்றாகிவிடும், ஓட்டுகிறவன் மட்டும்தான் மிஞ்சுவான் என்பார்கள். மழை நாட்களில் பெரிய அணிக்காரர்கள் எல்வியோவை எட்டிப் பார்ப்பார்கள், தட்டிக்கொடுப்பார்கள். வெயில் வந்ததும் மறந்துவிடுவார்கள். அவனும் யாரையும் தேடிப் போனதில்லை. ஒருவரும் அவனை நம்பாத வயதில் எங்கள் முதலாளி ஒரியானோ வல்மோரி அவனுக்குக் கார் கொடுத்தார். அந்த நன்றி அவனைக் கட்டிப்போட்டிருந்தது.

அந்த ஆண்டு எங்கள் மண்ணில் நடந்த பந்தயத்தின் காலையில் முதலாளி அவனைத் தனியே கூப்பிட்டார். அடுப்படியைவிடத் தனியான இடம் எங்களிடம் இல்லாததால் நானும் கேட்டேன்.

"தம்பி, நமக்குப் பணம் போடுற கூரை ஓட்டுக் கம்பெனிக்காரன் கையை விரிச்சிட்டான். இந்த வருஷம் ஒரு புள்ளியாவது வந்தாத்தான் காருல அவன் பேரு இருக்குமாம். இல்லேன்னா உன் சீட்டை நான் பணம் கட்டி ஓட்ட வர்ற பணக்கார வீட்டுப் பையன் எவனுக்காவதுதான் கொடுக்கணும். எனக்கு வேற வழி தெரியல."

எல்வியோ என் பக்கம் திரும்பினான்.

"அத்தை, முன்னாடி போறவனுங்க காரெல்லாம் நின்னு போகணும்னு வேண்டிக்கிட்டீங்களா?"

"அடுத்தவன் கெட்டுப் போகணும்னு நான் வேண்டமாட்டேன்டா. நீ நல்லா ஓட்டணும்னு வேண்டிக்கிட்டேன்."

"நான் நல்லாத்தான் ஓட்டறேன். ஆண்டவர்கிட்ட வேற ஏதாவது கேட்டிருக்கலாம்."

மழை பெய்தது. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக வழுக்கித் தடத்தோர மணலில் போய் உட்கார்ந்தார்கள். கடைசிச் சுற்றில் எங்கள் எல்வியோ ஆறாவதாக வந்துகொண்டிருந்தான். அவனை ஒட்டிப் பின்னால் ஒரு பெரிய அணியின் இரண்டாம் காரை ஓட்டியவன். முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் மரங்கள் மூடிய ஒரு வளைவு இருக்கிறது. அங்கே பின்னால் வந்தவன் எல்வியோவின் பின்சக்கரத்தை இடித்தான். எங்கள் கார் சுழன்று, பாதி தடத்திலும் பாதி புல்லிலுமாக நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. இடித்தவனும் மூக்குடைந்த காரோடு தடுமாறி நின்றான்.

அந்த வளைவில் ஓட்டுநர்களை எச்சரிக்கக் கொடி பிடித்து நின்ற நேரியோ ஸோலி ஓடி வந்து எங்கள் காரைத் தள்ளினார். கார் உருண்டதும் எஞ்சின் உயிர்பெற்றது. எல்வியோ கோட்டைத் தாண்டினான், ஆறாவதாக. முதலாளி என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி முத்தமிட்டார். ஆண்கள் எல்லோரும் வெட்கமில்லாமல் அழுதார்கள்.

நாங்கள் அழுது முடிப்பதற்குள் பெரிய அணி புகார் கொடுத்துவிட்டது. தாங்களே இடித்துவிட்டு, தாங்களே புகார்!

விதி இதுதான்: ஓட்டுநர் கூப்பிட்டுக் கொடிக்காரர் தள்ளினால் அது வெளியார் உதவி, அந்தக் காருக்கு இடம் கிடையாது. ஓட்டுநர் கூப்பிடாமல் அவராகவே தள்ளினால் தவறு கொடிக்காரருடையது, காரின் இடம் நிற்கும். அந்த நேரத்தில் தொலைக்காட்சிக் காமிராக்கள் எல்லாம் முதலில் வந்தவனின் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. இடித்தவனும் பின்னாலிருந்து தள்ளியதை மட்டும்தான் பார்த்தான். எல்வியோ கூப்பிட்டானா என்பது அவனுக்கும் நேரியோவுக்கும் மட்டுமே தெரியும்.

விசாரணை நடந்த அறைக்குக் காபி கொண்டுபோகச் சொன்னார்கள். எங்களுக்குப் புள்ளி கொடுக்க மனம் வராதவர்களுக்கும் எங்கள் காபி வேண்டியிருந்தது. நான் கோப்பைகளோடு சுவரோரம் நின்றுகொண்டேன். மேசையில் மூன்று நடுவர்கள். தலைவர் வெளிநாட்டுக்காரர், பக்கத்தில் அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளன். இன்னொருவர் பொலோஞ்ஞா நகரத்து வக்கீல், வெண்ணெய் போன்ற பேச்சு.

வக்கீல் எல்வியோவைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படாதீங்க கெத்தி. நாங்களும் இந்த மண்ணுக்காரங்கதான். கேள்வி ஒண்ணுதான். நீங்க கையசைச்சுக் கூப்பிட்டீங்களா? இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. புள்ளி உங்களுக்கு."

"அப்போ கொடிக்காரர்?"

"அவர் கொடி பிடிக்கிற அனுமதியை ரத்து பண்ணிடுவோம். அவ்வளவுதான். சும்மா வர்றவர்தானே, சம்பளமா கிடைக்குது?"

அவ்வளவுதானாம்! நேரியோ இளைஞனாக இருந்தபோதிருந்து அந்த வளைவில் நிற்கிறவர். ஒரு ஆண்டு எரிகிற காருக்குள் கையை விட்டு ஓட்டுநர் ஒருவனை வெளியே இழுத்தார். அன்றிலிருந்து அவருடைய இடதுகை விரல்களில் இரண்டு சரியாகப் பிரியாது. இழுக்கப்பட்டவன் பெரிய அணிக்காரன். அவன் பிழைத்து, கோப்பைகள் வாங்கி, மொனாக்கோவில் வீடும் வாங்கிவிட்டான். நேரியோவுக்குக் கிடைத்ததெல்லாம் பந்தயத்தன்று ஒரு ரொட்டிப் பொட்டலமும் ஒரு தொப்பியும். அந்த மனிதரைத்தான் "சும்மா வர்றவர்" என்று ஒரு வக்கீல் காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

எல்வியோ வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது. நனைந்த ஆரஞ்சு அங்கியோடு நேரியோ வந்து நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"ஐயா, பையன் கூப்பிடல. நானாத்தான் தள்ளினேன். எழுதிக்கோங்க."

எல்வியோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "நேரியோ அண்ணே, பொய் சொல்லாதீங்க."

"யாருடா பொய் சொல்றது? உன் தலைக்கவசத்துக்குள்ள பூரா ஆவி. என் மூஞ்சியே உனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். ரெண்டு கையாலயும் கூப்பிட்டேன்."

"ரெண்டு கையா? அப்போ ஸ்டீயரிங்கை யாரு பிடிச்சா, உங்கப்பனா?"

"நிக்கிற காருக்கு ஸ்டீயரிங் எதுக்குண்ணே?"

"வாயை மூடுறா கழுதை! உனக்காகத்தான் பேசிக்கிட்டிருக்கேன்!"

எல்லாம் எங்கள் வட்டாரத்து ரொமாஞ்ஞாப் பேச்சில். மொழிபெயர்ப்பாளன் ரோம்காரன், பாதி புரியாமல் விழித்தான். என்ன சொல்கிறார்கள் என்று தலைவர் கேட்டார். "தவறு தன்னுடையது என்று இருவருமே சொல்கிறார்கள்" என்றான் அவன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு விமானம் பிடிக்க வேண்டும். இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றச் சண்டை போடுவது அந்த மேசையிலிருந்து பார்த்தால் தாமதமாக மட்டும் தெரிந்தது.

முதலாளி பின்னாலிருந்து எல்வியோவின் சட்டையைத் தொட்டார். "எல்வியோ, அவரே சொல்றாருல்ல. விடேன்டா. உன் சீட்டுக்காகத்தான் சொல்றேன்."

எல்வியோ அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "முதலாளி, அந்த வளைவுல கார் புரண்டா ஓடி வர்றது இவருதான். நாளைக்கு எவனோ ஒருத்தன் அங்க கிடப்பான். இவரு இல்லாம அவன் என்ன பண்ணுவான்?" பிறகு மேசையின் பக்கம் திரும்பினான். "எழுதிக்கோங்க. நான்தான் கையசைச்சேன். டிரைவர் கூப்பிட்டா வர்றது அவரோட வேலை. அவர் வேலையை அவர் செஞ்சார்."

எழுதிக்கொண்டார்கள். எங்கள் ஆறாவது இடம் போயிற்று. இடித்தவன் ஏழாவதாக வந்திருந்தான். அவனை ஆறாவதாக்கி, புள்ளியை அவனுக்குக் கொடுத்தார்கள். இடித்ததைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கோப்பைகளை எடுக்கும்போது என்னால் தாங்க முடியவில்லை. தலைவரின் எதிரே நின்று கேட்டேன். "போன வருஷம் சாம்பியன் காரை இதே வளைவுல நாலு பேர் தள்ளினாங்க. அப்போ யாரு கையசைச்சான்னு கேட்டீங்களா ஐயா?"

மொழிபெயர்ப்பாளன் என்னைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான். ஏதோ சொன்னான். தலைவர் எனக்கு வணக்கம் போல் தலையசைத்தார்.

"என்னடா சொன்னே அவருகிட்ட?"

"காபி எப்படி இருந்துச்சுன்னு கேக்கறீங்கன்னு சொன்னேன்மா. ரொம்ப நல்லா இருந்துச்சாம்."

வெளியே மழை விட்டிருந்தது. நேரியோ எல்வியோவின் முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார்.

"உன்னை யாருடா யோக்கியனா இருக்கச் சொன்னது? எனக்கு வயசாயிடுச்சு. கொடி போனா வீட்ல உக்காந்து டிவில பந்தயம் பாத்துட்டுப் போறேன்!"

"டிவில அந்த வளைவைக் காட்ட மாட்டானுங்கண்ணே."

நேரியோவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் தொப்பியால் மறைத்துக்கொண்டார். அவர்கள் இருவரையும் உட்கார வைத்துச் சோறு போடுவதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. சாப்பிடும்போதும் சண்டை போட்டார்கள். அன்று சாயங்காலம் எங்கள் கூடார வாசலில் யாரோ ஒரு பாட்டில் திராட்சை மது வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெயர் எதுவும் இல்லை. புல்லில் பதிந்திருந்த காலடிகள் பெரிய அணியின் கொட்டகைப் பக்கம் போயின. அங்கும் தொழிலாளிகள் மனிதர்கள்தான். ஆண்டவர் அவர்களை ஆசீர்வதிக்கட்டும். அவர்களுடைய முதலாளிகளுக்காகவும் நான் ஜெபிக்க வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

மறுநாள் செய்தித்தாளில் "கெத்தியின் தந்திரம் பலிக்கவில்லை" என்று போட்டிருந்தது. குளிர்காலத்தில் ஓட்டுக் கம்பெனி எங்களை விட்டுப் போயிற்று. முதலாளி எல்வியோவின் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு அழுதாராம். எல்வியோவின் மனைவி அவருக்கு சூப்பு கொடுத்து அனுப்பினாள். சீட்டு ஒரு வெளிநாட்டுப் பையனுக்குப் போனது. நல்ல பையன்தான், கார் ஓட்டத்தான் தெரியாது. மழை நாட்களில் முதுகில் தட்டிய பெரிய மனிதர்கள் ஒருவரும் தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை.

நேரியோ வேலை பார்த்தது பேருந்து நிலையத்தில். அவர் அங்கே யாரிடமோ பேசினார். லூகோவிலிருந்து ரவென்னா போகிற பேருந்தை இப்போது எல்வியோ ஓட்டுகிறான். ஏழு பருவம் உலகம் சுற்றிப் பந்தயம் ஓட்டியவன், கோழிக்கூடையோடு ஏறும் கிழவிகளுக்காகப் படியருகே நிறுத்தி, அவர்கள் உட்காரும்வரை காத்திருக்கிறான். மெதுவாக ஓட்டுகிறான் என்பதுதான் பயணிகளின் புகார்.

போன புதன்கிழமை சந்தைக்காக நானும் ஏறினேன். வண்டி கிளம்பும் முன்னே, பின்னிருக்கையில் இருந்த ஒரு இளவட்டம் நண்பனிடம் உரக்கச் சொன்னான்: "இவரைத் தெரியுமா? இவருதான் சைபர். இத்தனை வருஷம் ஓட்டி ஒரு புள்ளி வாங்கல. இந்த வேகத்துல ஓட்டினா எங்கேயிருந்து வாங்கறது?"

பேருந்தே சிரித்தது. எல்வியோவும் சிரித்தான் என்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எழுந்து நின்றேன்.

"தம்பி, உன் பேரென்ன?"

"எதுக்கு கேக்கறீங்கம்மா?"

"சொல்றேன். அந்தப் புள்ளியை யாரு எடுத்துக்கிட்டான்னு முதல்ல கேளு."

"அத்தை, உக்காருங்க" என்றான் எல்வியோ. அவன் காதுகள் சிவந்திருந்தன. "யாராவது நின்னா நான் வண்டியை எடுக்கக் கூடாது. சட்டம்."

"அப்போ எடுக்காதே" என்று சொல்லிவிட்டு, கூடையை இருக்கையில் வைத்தேன். அந்தப் பந்தயத்தின் கதையை மழையிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒரு கிழவி சந்தை முடிந்துவிடும் என்று முனகினாள். நேரியோவின் பெயர் வந்ததும் அவளும் வாயை மூடிக்கொண்டாள்.