ஒரே முடிச்சில் இரண்டு ஒட்டு

பின்னல்காரருக்கு அளவு நாடா என்றாலே இளக்காரம். நாய்க்கயிறு பின்னத் தோலை வாராக அறுக்கும்போது கண்ணாலேயே அளப்பார். முப்பது வருடத்தில் அந்தக் கண் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை என்று, கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். கடையில் பாதி அவருடையது, பாதி அவருடைய சகலையுடையது. அக்காளையும் தங்கையையும் கட்டியதைத் தவிர இருவருக்கும் ஒரு பொருத்தமும் கிடையாது. இவர் உள்ளறையில் உட்கார்ந்து பின்னுவார், சகலை முன்னால் நின்று பேசுவார். சகலை வாயைத் திறந்தால் நாய் வளர்க்காதவர்கூடக் கயிறு வாங்கிக்கொண்டுதான் படியிறங்குவார்.

நர்ஸம்மாவுக்கு அந்தப் பேச்சு தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. வீட்டில் துணை என்று இருந்தது ஒரு கறுப்பு நாய்தான். கன்றுக்குட்டி உயரம் வளர்ந்த பிறகும் அதற்குப் பெயர் குட்டி. நான்கு முடிச்சும் நீல மணியும் வைத்து அதற்கொரு கயிறு செய்யச் சொல்லியிருந்தார். பாதி பின்னியிருக்கும்போது பார்க்க வந்தவர் சொக்கிப்போனார்.

"இன்னும் மூணு முடிச்சு சேர்த்துப் போட முடியுமாங்க? உங்க கைக்கு அவ்வளவு அழகா வருது."

புகழ்ச்சிக்கு மசியாத கைவேலைக்காரனை நான் இன்னும் பார்க்கவில்லை. "அதுக்கென்னம்மா, போட்டுட்டாப் போச்சு" என்றார் பின்னல்காரர். பின்னுகிற வாரையே மடக்கிப் போடுகிற முடிச்சு அது, ஒவ்வொன்றும் ஒரு சாண் வாரை விழுங்கும். அது அவருக்குத் தெரியாதா என்ன? மிச்சமிருந்த வாரைக் கண்ணால் ஒரு பார்வை பார்த்தார், போதும் என்று தோன்றியது, பின்ன ஆரம்பித்துவிட்டார்.

கொக்கி மாட்டுகிற நுனிக்கு வருவதற்குள் பின்னலின் நான்கு வாரில் இரண்டு தீர்ந்துபோயின.

எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டுப் புது வார் அறுத்திருக்கலாம். ஆனால் அந்த நிறத்தில் தோல் அடுத்த வாரம்தான் வரும். கடைசி முடிச்சை எடுத்துவிட்டு, "அளவு தப்பிடுச்சும்மா, ஆறு முடிச்சுதான்" என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"வெட்டுன மிச்சத் துண்டை வச்சு ஒட்டுப் போட்டுடுங்க அண்ணே," என்றார் சகலை. "அவங்க நாளைக்கே வர்றாங்க. மேல ஒரு முடிச்சு விழுந்துட்டா ஒட்டு எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

ஒட்டுப் போடுவது அந்தத் தொழிலில் குற்றமில்லை. ஆனால் இரண்டு ஒட்டு ஒரே இடத்தில் விழக் கூடாது, இழுத்தால் தாங்காது. ஒன்று இங்கே என்றால் மற்றது ஒரு சாணாவது தள்ளி இருக்க வேண்டும். தள்ளிப் போட்டால் இரண்டாவது ஒட்டு வெறும் பின்னலில் அப்பட்டமாகத் தெரியும், மானம் போகும். ஆகவே வார் நுனிகளைக் கத்தியால் மெலிதாகச் சீவி, பசை தடவி, இரண்டு ஒட்டையும் கடைசி முடிச்சுக்குள்ளேயே புதைத்து, மேலே மூன்று நீல மணிகளைக் கோத்து இறுக்கினார். மறுநாள் நர்ஸம்மா அந்த முடிச்சைத்தான் தடவித் தடவிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் விட இதுதான் நல்லா வந்திருக்கு," என்றார். சகலை வேறு பக்கம் பார்த்து இருமினார்.

அதன் பிறகு பின்னல்காரருக்கு நிம்மதி போயிற்று. தினமும் காலையில் குட்டி அந்த அம்மாளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கடையைத் தாண்டும்போதெல்லாம் அவர் கண் அந்த நீல மணிகளிலேயே நிற்கும். வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"கொக்கி சரியில்லன்னு ஏதாவது சொல்லித் திரும்ப வாங்குங்களேன். வேற பின்னிக் குடுத்துட்டா முடிஞ்சுது," என்றார் மனைவி.

"நாளைக்குச் சொல்றேன்" என்றார். நான்கு மாதம் இதையே சொன்னார்.

ஒருநாள் நர்ஸம்மா தனியாக வந்தார். கயிற்றை இரண்டு துண்டாக மேஜைமேல் வைத்தார். தெருவில் ஒரு பூனை குறுக்கே ஓடியிருக்கிறது. குட்டி பாய்ந்த வேகத்தில் கொக்கி அதோடு போக, கயிறு மட்டும் அவர் கையில் நின்றது. எதிரே வந்த லாரி நிற்கவில்லை.

"முந்தின நாள் மழைல நனைஞ்சுட்டு வந்தோம். நான் இதைத் துடைச்சுக் காய வைக்காம அப்படியே ஆணில மாட்டிட்டேன். அதனாலதான் அறுந்துதா?"

சகலை முந்திக்கொண்டார். "அதேதாம்மா. தோலுக்குத் தண்ணி ஆகவே ஆகாது. அன்னைக்கே சொன்னேனே."

அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. உள்ளறைத் தொட்டியில் அந்த நேரத்திலும் ஒரு கட்டுத் தோல் வார் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. ஊறினால்தான் வார் வளையும், வளைந்தால்தான் பின்ன முடியும். ஒருநாள் மழைக்கெல்லாம் அறுந்துபோகிற சாமான் இல்லை அது.

நர்ஸம்மா பின்னல்காரரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. உங்க கையால செஞ்சது. நீங்க சொன்னா நம்புறேன்."

அவர் துண்டை எடுத்துப் பார்த்தார். சீவிய நுனி இரண்டும் பசை காய்ந்து மஞ்சளாக வெளியே தெரிந்தன. தொழில் தெரிந்தவன் ஒருவன் பார்த்தால் அங்கேயே காறித் துப்பியிருப்பான். அந்த அம்மாளோ கயிற்றைப் பார்க்கவில்லை, இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்மேலதாம்மா என்பது இவருக்குத் தொண்டைவரை வந்தது. மேஜைக்கு அடியில் சகலை இவர் காலை மிதித்தார். பழியைச் சகலைமேல் போட்டுவிடலாம்தான். ஆனால் கால் மிதிபடுவதற்கு முன்பே இவர் முடிவு செய்துவிட்டார் என்பதுதான் நிஜம்.

"ஈரம் இறங்கியிருக்கும்மா," என்றார். "உள்ளுக்குள்ள ஊறிப்போச்சு."

நர்ஸம்மா தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரிடம், உங்கள் தப்பு ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியவர் அவர். அவருக்கு அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

"நீங்க எவ்வளவு பாடுபட்டுப் பின்னினது," என்றார், குரல் உடைந்து. "ஒரு துணியை எடுத்துத் துடைக்கத் துப்பில்லாம, இதையும் பாழாக்கி அவனையும் கொன்னுட்டேன். மன்னிச்சுக்கோங்க."

பின்னல்காரர் துண்டை மேஜைமேல் வைத்தார்.

"பரவாயில்லம்மா" என்று சொல்லி அந்த அம்மாளை மன்னித்தார்.