நாலு மணி விமானம்

காலை ஒன்பதரை விமானம் ரத்து என்று பலகையில் வந்ததும் கவுண்டரில் இருந்தவள் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தாள். மலை நகரத்துக்கான இந்தச் சேவையை அவளுடைய நிறுவனம் இரண்டு வருடத்தில் மூன்று முறை தொடங்கி, மூன்று முறை நிறுத்தி, இப்போது நான்காவது தடவையாக ஓட்டிக்கொண்டிருந்தது. ஏனென்று யாருக்கும் தெரியாது.

"இன்ஜின் கோளாறுன்னு சொல்லிடு. நாலு மணிக்கு ஒண்ணு இருக்குல்ல," என்றார் மேனேஜர்.

கோளாறெல்லாம் ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நல்லபடியாக நின்ற விமானத்தை, போன வாரம் சேவை ஆரம்பித்த வேறொரு ஊருக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள்.

வரிசையில் முதல் ஆள் ஒரு தையல்காரி. ஆஸ்பத்திரிக் காகிதங்களை மார்போடு பிடித்திருந்தாள்.

"நாளைக்குக் காலைல என் தம்பிக்கு ஆபரேஷன்மா. கிட்னி குடுக்கப்போறது நான்தான். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள நான் அட்மிட் ஆகணும். நாலு மணி விமானம் போயிடுமா?"

கவுண்டர்காரி திரையைப் பார்த்தாள். போன வாரம் அது இரண்டே நாள்தான் பறந்திருந்தது. சாலைவழி ஆறு மணி நேரம்.

"போகும்னு சொல்லச் சொல்லியிருக்காங்கக்கா." குரலைத் தாழ்த்தினாள். "என் கூடப்பொறந்தவளா இருந்தா, இப்பவே வேன் புடின்னுதான் சொல்வேன்."

பின்னால் நின்றவர்கள் காதிலும் அது விழுந்தது. அரை மணி நேரத்தில் பதினொரு பேர் ஒரே வேனில் ஏறிப் போனார்கள்.

மேனேஜர் பல்லைக் கடித்தார். "நீ யாருகிட்ட சம்பளம் வாங்கற?"

அவள் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அதன்பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மதியம் மலைப்பக்கம் மழை என்றார்கள். வேன் ஏறப் போகும்முன் தையல்காரி எழுதிக்கொடுத்த எண்ணுக்கு நாலு தடவை அடித்தாள், தொடர்பு கிடைக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடினாள்.

சரியாக நாலு மணிக்கு விமானம் கிளம்பியது. ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை. உள்ளே ஆறே பேர்.

"பாத்தியா?" என்றார் மேனேஜர்.

ஐந்தே முக்காலுக்கு போன் அடித்தது.

"வந்து சேந்துட்டேன்மா. படுக்கையும் குடுத்துட்டாங்க."

"அக்கா, நாலு மணி விமானம் போயிடுச்சு. உங்கள வீணா அலைய விட்டுட்டேன்."

"போகுமா போகாதான்னு அங்கயே உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியமே புடிச்சிருக்கும். வேன் நகர்ந்துக்கிட்டாவது இருந்துச்சு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கவுண்டர்காரியைப் பயணப்பெட்டிகள் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த வாரக் கடைசியில் நிறுவனம் மலை நகரச் சேவையை நான்காவது முறையாக நிறுத்தியது.